தொழுநோயினின்றும் மீண்டவர்களுக்கு வேலை தாருங்கள்



தொழுநோயினின்றும் பூரணமாகக் குணமடைந்து, மருத்துவரின் அத்தாட்சியையும் கையில் பெற்றுக்கொண்டு, ஆயினும் ஜீவனத்துக்கு வழியின்றித் திகைத்து நிற்கும் சகோதர சகோதரிகளுக்குத் தச்சு வேலையும் தையலும் செருப்புத் தைக்கும் தொழிலும் கற்றுக்கொடுத்து, அவர்களைச் சொந்தக் காலில் நிற்கச் செய்வதையே எங்கள் தொழிற்கூடம் தன் கடமையாகக் கொண்டிருக்கிறது. இதில் லாப நோக்கம் இல்லை. பயிற்சிக்குக் கட்டணமும் இல்லை. சில நல்லோரின் உதவியால் நடந்துவந்த இப்பணி, ஊராரின் ஒத்துழைப்பு இல்லாமல் இனி ஓர் அடியும் மேற்செல்லாது என்று கண்டே உங்கள் முன் வருகிறோம்.

இந்நோய் பூர்வஜன்ம பாவத்தின் பலனும் அன்று, பரம்பரையாக வருவதும் அன்று. நார்வே தேசத்து மருத்துவர் ஹான்சன் 1873-ல் கண்டறிந்த ஒரு கிருமியே இதற்குக் காரணம். 1980-களின் தொடக்கத்திலிருந்து வழங்கப்பட்டுவரும் கூட்டு மருந்தை, நோயின் தன்மைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ தவறாமல் உட்கொண்டால் நோய் குணமாகிவிடுகிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மையும் போய்விடுகிறது. நோயாளிகளைப் பிரித்து அடைத்துவைக்க 1898-ல் பிறந்த சட்டம் 2016-ல் நீக்கப்பட்டது. இந்நோயைக் காட்டி விவாகரத்துக் கோரலாம் என்றிருந்த விதிகளும் 2019-ல் எடுக்கப்பட்டன. இவ்வளவும் நடந்த பின்னரும், குணமான ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டால், அவருடைய விரல்களைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்த விரல்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நோயே விரல்களை அரித்துத் தின்றுவிடுகிறது என்பது ஜனங்களிடையே நெடுங்காலமாக நிலவும் அபிப்பிராயம். அது சரியன்று என்பதை விளக்கிக் காட்டியவர்களில் முதன்மையானவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதியில், மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட். கிருமி நரம்புகளைக் கெடுத்துவிடுகிறது; நரம்பு கெட்ட கை வலி அறியாது; வலி அறியாத கை கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றும், துருப்பிடித்த சாவியைச் சதை கிழியுமட்டும் திருகும்; புண் ஆறுமுன் மறுபடி புண்ணாகும். சிகிச்சை முடிந்து தொழில் பயில்வோருக்காக அவர் ஏற்படுத்திய நிலையத்தில் சிலருடைய விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்துபோக, காரணம் புரியாமல் விழித்திருந்து பார்த்தார்கள். உறங்குகிறவருடைய உணர்வற்ற விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அது முதல் அங்கிருந்து வீடு திரும்புவோருக்கு ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள் என்பது அவர் எழுதிவைத்துள்ள செய்தி.

அந்தப் பாடத்தை அடியொற்றியே எங்கள் கூடத்தில் ஒவ்வொரு கருவியும் அமைந்திருக்கிறது. உணர்ச்சியற்ற கை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று தானே அறியாதாகையால், உளிக்கும் சுத்திக்கும் ரம்பத்துக்கும் பருமனான, விளிம்பு மழுங்கிய மரப்பிடிகள் போட்டு, அவற்றின்மேல் துணி சுற்றியிருக்கிறோம். பாதம் புண்படாதிருக்கத் தையல் இயந்திரங்களுக்கு மோட்டார் பொருத்தப்பட்டிருக்கிறது. மென்மையான ரப்பரில் இங்கே செய்யும் செருப்புகளில் ஆணி அடிப்பதில்லை. ஆணி உள்ளே ஏறினாலும் அணிந்தவருக்குத் தெரியாதல்லவா? மாலையில் வேலை முடிந்ததும் அனைவரும் விளக்கின் கீழ் அமர்ந்து, தம் உள்ளங்கைகளையும் பாதங்களையும் கண்ணால் பார்த்துப் பரிசோதிக்கிறார்கள். எங்கேனும் சிவந்திருந்தால் மறுநாள் அந்தக் கைக்கு ஓய்வு. பின்பு கைகால்களைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். பார்வையால் வலியை ஈடுசெய்யும் இந்தப் பழக்கம் படிந்துவிட்டால், இவர்கள் செய்யும் வேலை எவர் வேலைக்கும் குறைந்ததன்று என்று நாங்கள் உறுதி கூறுவோம்.

ஆனால், தொழில் கற்றுத் தேர்ந்தவருக்கும் இடம் கிடைப்பதில்லை. இங்கே பயின்ற ஒரு பெண்மணி தம் ஊரில் தையல் கடை வைத்தார். அளவெடுக்கக் கையை நீட்டியபோது விரலைக் கண்ட வாடிக்கைக்காரர்கள், கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் தைத்த ரவிக்கையில் ஒரு குறையும் இல்லை. மீண்டும் இங்கேயே வந்து, இளையவர்களுக்குக் காஜா எடுக்கக் கற்பித்துவருகிறார். கோயில் வாசலில் இவர்கள் கையேந்தினால் காசு போட நம்மவர் தயங்குவதில்லை. உழைத்துக் கூலி கேட்டால்தான் தயங்குகிறோம் என்பதை மிகுந்த மனவேதனையோடு எழுதுகிறோம்.

ஆகையால் நாங்கள் யாசகம் கேட்கவில்லை. பள்ளி நிர்வாகிகள் பெஞ்சுகளுக்கும் சீருடைகளுக்குமான வேலையில் ஒரு பகுதியை எங்களிடம் தரலாம். தொழிற்சாலை உரிமையாளர்கள் பயிற்சி முடித்த ஒருவரையேனும் வேலைக்கு எடுத்துக்கொண்டு, மற்றத் தொழிலாளருடன் சரிசமமாக உட்கார்ந்து உண்ண இடம் கொடுக்கலாம். வீடு வைத்திருப்போர் வாடகைக்கு விடலாம். உபயோகமற்றுக் கிடக்கும் தையல் இயந்திரம், பழைய தேக்குச் சட்டங்கள் முதலியவற்றை அன்பர்கள் அனுப்பினால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம். இவை ஒன்றும் இயலாதவர்கள், தோலில் உணர்ச்சியற்ற தேமலோடு அண்டை அயலில் யாரையேனும் கண்டால், அஞ்சி ஒதுங்காமல் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம். அங்கே மருந்து இலவசம், காலத்தே சேர்ந்தால் விரலும் தப்பும்.

எங்கள் கூடம் ஞாயிறு தவிர எல்லா நாட்களிலும் திறந்திருக்கிறது. குடும்பத்தோடு வாருங்கள். வேலை நடப்பதை நேரில் பாருங்கள். இவர்கள் செய்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, மனத்துக்குப் பிடித்திருந்தால், உரிய விலை கொடுத்து வாங்கிச் செல்லுங்கள்.