இயல்பு எது, காயம் எது?

ஒதுங்கி நிற்கும் பெண்ணை “அழுத்தக்காரி” என்கிறோம். அவள் தாயை “வளர்க்கத் தெரியாதவள்” என்கிறோம். இப்பழி நம் மலையடிவாரத்திற்கு மட்டும் உரியதன்று. 1943-இல் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்தபின், தாயின் அன்பின்மையே காரணம் என மேனாட்டு அறிஞர் சிலரும் கூறினர். ஆட்டிசமுள்ள மகனின் தந்தையான உளவியலார் பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-இல் அதை மறுத்து நூல் எழுதினார். அது மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு என்பது இன்று தெளிவு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது.

ஆனால் வீட்டில் பட்ட ஏச்சும் அடியும் வேறு, அவை காயங்கள். இயல்பையும் காயத்தையும் பிரித்தறிபவளே தன்னை அறிவாள். இயல்பை ஏற்கலாம், காயத்தை ஆற்றவேண்டும். தோழியரே, பழிப்பதை விடுத்து, “உனக்கு எது கடினம்?” என்று கேட்போம். பிறரன்பு அங்கே தொடங்கும்.