எண்ணில்லாத வரிசை

ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் 1980-இல் வெளியிட்ட ‘பற்றாக்குறையின் பொருளியல்’ என்னும் நூல், சோசலிச நாடுகளின் கடைகளில் வாங்குபவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை விரிவாக ஆராய்கிறது. அவர் தேடி அலைகிறார், காத்திருக்கிறார், கேட்டது கிடைக்காதபோது கிடைத்ததை வாங்கிக்கொள்கிறார், விற்பவரின் நல்லெண்ணத்தைப் பெற முயல்கிறார். இந்த உறவை இன்று நேரில் காண விரும்புகிறவர் புடாபெஸ்ட்டின் ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டியதில்லை. தில்லியிலோ மும்பையிலோ பெங்களூருவிலோ சுவிஸ் கைக்கடிகாரங்களை விற்கும், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரின் குளிரூட்டப்பட்ட கடைக்குள் நுழைந்தால் போதும்.

அமைப்பு எளியது. ரோலெக்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் புதிய கடிகாரங்களைத் தாங்கள் அங்கீகரித்த கடைகளின் வழியே விற்கின்றன. விலையை நிறுவனமே வகுக்கிறது. எஃகினால் ஆன சில மாதிரிகளுக்கு, அந்த விலையில் கிடைப்பதைவிட வேண்டுவோர் மிக அதிகம். ஆகவே அதே கடிகாரம் அங்கீகார வட்டத்துக்கு வெளியே கூடுதல் விலைக்குக் கைமாறுகிறது. இந்த விலை இடைவெளி யாருக்கோ போய்ச் சேரவேண்டிய ஒரு தொகை. விற்பனையாளரால் அதைப் பணமாக எடுத்துக்கொள்ள முடியாது. விலையைக் கூட்டினால் அங்கீகாரம் போய்விடும். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இருக்கிறது. அந்த உரிமையைக் கொண்டு அவர் இடைவெளியை விசுவாசமாக வசூலிக்கிறார்.

சென்ற ஆண்டு என் பெரியப்பா மகனுடன் அப்படியொரு கடைக்குச் சென்றிருந்தேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. இது ஒரு கடையின் கதையன்று. அண்ணன் குருகிராமில் பொறியாளர். பல ஆண்டுகள் சேமித்து, ஒரே ஒரு கடிகாரம் வாங்கவேண்டும் என்று வந்தவர். கண்ணாடிப் பேழையில் அவர் விரும்பிய மாதிரி இருந்தது. அருகே ‘காட்சிக்கு மட்டும்’ என்று சிறிய அட்டை. கையில் கட்டிப் பார்க்கலாம், வாங்க முடியாது. விற்பனை அலுவலர் மிகுந்த மரியாதையுடன் பெயர், கைபேசி எண், தொழில், வசிக்கும் பகுதி ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, “இதற்கு முன் எங்களிடம் ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா, சார்?” என்றார். இல்லை என்றதும் அவருடைய பேனா ஒரு கணம் நின்றது. எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அண்ணன் கேட்டார். பட்டியல் அப்படி இயங்குவதில்லை என்றும் ‘உறவு’ வளர வளர வாய்ப்பும் கூடும் என்றும் பதில் வந்தது. அதைத் தொடர்ந்து அண்ணிக்கு ஏற்றவை என்று வேறொரு நிறுவனத்தின் கடிகாரங்கள் இரண்டு மேசைக்கு வந்தன. வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: “பெண் பார்க்க வந்தது அவர்கள்தான், தம்பி. நாம் காப்பித் தட்டோடு நின்றோம்.”

இந்தப் பற்றாக்குறை செயற்கையா என்பது பழைய விவாதம். தட்டுப்பாடு தங்கள் உத்தியன்று என்று ரோலெக்ஸ் 2021-இல் விளக்கமளித்தது. சுவிட்சர்லாந்தின் ப்யூல் நகரில் புதிய ஆலை ஒன்றையும் அது எழுப்பிவருகிறது. 2029-இல் அது இயங்கத் தொடங்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அந்நிறுவனம் பங்குச் சந்தையில் இல்லை. ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் அறக்கட்டளைக்குச் சொந்தமானது. காலாண்டு இலாபத்துக்காக அவசரப்படவேண்டிய தேவை அதற்கு இல்லை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். என் கேள்வி வேறு. பற்றாக்குறை உண்மையானதாகவே இருக்கட்டும். பங்கீடு ஏன் இருட்டில் நடக்கவேண்டும்?

நம் நாட்டுக்குப் பற்றாக்குறை புதிதன்று. சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூருவில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகார ஆலையின் தயாரிப்புகளுக்கு ஒரு தலைமுறை காத்திருந்தது. பஜாஜ் ஸ்கூட்டருக்கும் தொலைபேசி இணைப்புக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தக் காலத்தை நான் ஏக்கத்தோடு நினைக்கவில்லை; அங்கேயும் சிபாரிசு இருந்தது, நாடாளுமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு இருந்தது. ஆயினும் பதிவு செய்தவரிடம் ஒரு எண் இருந்தது. அந்த எண்ணைத் தாண்டி வேறொருவர் முன்னே சென்றால் அதை அநீதி என்று சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. உரிமக் காலத்தின் மிக மோசமான அலுவலகம் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டைக்கூட, பல இலட்ச ரூபாய்ப் பொருளை விற்கும் கடை கொடுப்பதில்லை. வரிசை என்பது சமத்துவத்தின் மிக எளிய வடிவம். எண்ணை நீக்கிவிட்டால் எஞ்சுவது தர்பார். இந்தியாவில் அந்தத் தர்பாரில் எவையெல்லாம் எடை போடப்படும் என்று சமூகவியல் மாணவருக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆங்கில உச்சரிப்பு, காலணி, குடியிருக்கும் பகுதி, குடும்பப் பெயர் ஆகியவை எந்தப் படிவத்திலும் இடம்பெறாமலே மதிப்பெண் பெறும்.

விற்பனையாளர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. முகம் தெரியாதவருக்குக் கொடுத்த கடிகாரம் மறுநாளே மறுவிற்பனைக்கு வந்தால், அவருக்கு நிறுவனத்திடமிருந்து வரும் ஒதுக்கீடு குறையலாம். எனவே வாங்குபவரை அறிந்துகொள்ள அவர் விரும்புவது இயல்பு. ஆனால் முன்னதாக வேறு பொருள்களை வாங்கச் செய்வது நம்பகத்தன்மையை எப்படி அளக்கும்? அது செலவழிக்கும் திறனை மட்டுமே அளக்கும். மறுவிற்பனையாளரும் அதைக் கணக்குப் போட்டுச் செலவில் சேர்த்துவிடுவார். ஒரே ஒரு கடிகாரம் வாங்க வந்தவர்தான் வெளியே நிற்பார். உத்தரவாத அட்டையைச் சில மாதங்கள் கடையே வைத்துக்கொள்வது, குலுக்கல் முறை என்று மறுவிற்பனையைத் தடுக்க வேறு வழிகள் உள்ளன. அவற்றில் ‘உறவு’ வளராது என்பதே அவற்றின் குறை.

2022-இன் முற்பகுதியில் உச்சம் தொட்ட மறுவிற்பனை விலைகள் பிறகு சரிந்தன. விரும்பிய கடிகாரத்துக்காக விரும்பாத இரண்டை வாங்கியவரின் கணக்கு அப்போது என்னவாயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கோர்னாய் இதைக் கட்டாய மாற்றுக்கொள்முதல் என்கிறார். அவருடைய ஹங்கேரிய நுகர்வோருக்கு அது எரிச்சலைத் தந்தது. நம் நுகர்வோருக்கு அது ‘சிறப்பு வாடிக்கையாளர்’ என்ற பட்டத்தைத் தருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இணையவழி விற்பனையைத் தன் விற்பனையாளர்களுக்குத் தடை செய்ததற்காக 2023 டிசம்பரில் பிரெஞ்சுப் போட்டி ஆணையம் ரோலெக்ஸுக்கு 9.16 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிற பொருள்களை வாங்கியவருக்கே பர்கின் கைப்பை கிடைக்கிறது என்று ஹெர்மெஸ் மீது 2024-இல் கலிஃபோர்னியாவில் தொடுக்கப்பட்ட வழக்கோ தள்ளுபடியானது. அதிகம் செலவழிப்போருக்கு ஒரு பொருளை ஒதுக்கிவைப்பது மட்டுமே போட்டிச் சட்ட மீறலாகாது என்பது நீதிமன்றத்தின் பார்வை. போட்டிச் சட்டம் சந்தைக்கு நேர்ந்த கேட்டைத் தேடும். காப்பித் தட்டோடு நிற்பவர் அதன் கண்ணில் படமாட்டார்.

ஆனால் நம்மிடம் இன்னொரு சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளை வாங்குவதற்கு முன்நிபந்தனையாக வேறொரு பொருளை வாங்கச் சொல்வதைக் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று 2(41)-ஆம் பிரிவில் வரையறுக்கிறது. சந்தை ஆதிக்கத்தை நிரூபிக்கவேண்டும் என்று அந்த வரையறை கேட்கவில்லை. சிக்கல் சான்றில் இருக்கிறது. நிபந்தனை எழுதப்படுவதில்லை, சொல்லப்படுவதுமில்லை. பேனா ஒரு கணம் நிற்கிறது, அவ்வளவே.

உதவித்தொகை மூன்று மாதமாக வராத ஆய்வு மாணவர், பணக்காரரின் கடிகாரக் கவலை எனக்கு எதற்கு என்று கேட்பார். நியாயமான கேள்விதான். யூரியா மூட்டை வேண்டுமானால் இந்த நுண்ணூட்ட பாட்டிலையும் எடுத்துக்கொள் என்று உரக்கடையில் விவசாயியிடம் சொல்கிறார்கள். இணைப்பொருள் விற்றால் நடவடிக்கை என்று மாவட்ட நிர்வாகங்கள் பருவந்தோறும் அறிக்கை விடுகின்றன. விற்பனையும் பருவந்தோறும் தொடர்கிறது. அதே நடைமுறை, அதே சட்டப்பிரிவு. விவசாயிக்குத் தான் ஏமாற்றப்படுவது தெரியும், எதிர்க்க நேரமில்லை, விதைத்தாகிவிட்டது. கடிகாரம் வாங்குபவருக்கு நேரமும் வழக்கறிஞரும் உண்டு, ஏமாற்றப்படும் உணர்வுதான் இல்லை. முன்னுதாரணத் தீர்ப்பு ஒன்றைப் பெறும் வசதி யாருக்கு இருக்கிறதோ அவர் அந்த அனுபவத்தைப் பெருமையாகப் படம் எடுத்துப் பதிவிடுகிறார்.

2025 ஏப்ரல் 22 முதல், 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை விற்கும்போது விற்பனையாளர் 1 விழுக்காடு வரியை வாங்குபவரிடமே வசூலித்து அரசுக்குச் செலுத்தவேண்டும். அதற்காக வாங்குபவரின் நிரந்தரக் கணக்கு எண்ணைக் கடை பதிவுசெய்கிறது. அத்தகைய கடைக்கு, காத்திருப்பவருக்கு ஒரு சீட்டு எழுதித் தருவது பெரிய வேலையன்று. கேட்ட மாதிரி, பதிந்த தேதி, வரிசை எண், இந்தப் பதிவுக்கு வேறு கொள்முதல் தேவையில்லை என்ற ஒரு வரி. அடுத்த முறை செல்லும்போது அதை எழுத்தில் கேட்கும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில்.