மருவை உறைய வைக்கும் முன்

காஞ்சிபுரத்து நெசவாளருக்கு விரல் நுனியே மூலதனம். பட்டிழையில் சிக்கும் மருவை இன்றே எடுத்துவிட வேண்டும் என்று வருவோரின் அவசரம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும், எல்லா மருவுக்கும் கிரையோதெரபி தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

இச்சிகிச்சையில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனைச் சில விநாடிகள் செலுத்தி, பாப்பிலோமா வைரஸ் தொற்றிய தோலை உறையச் செய்து அழிக்கிறோம். பெரும்பாலும் இரண்டு, மூன்று வார இடைவெளியில் பலமுறை வரவேண்டியிருக்கும். கொப்புளம் எழுவது இயல்பு. அதைக் குத்தக் கூடாது. நிறமளிக்கும் செல்கள் குளிரை எளிதில் தாங்கா. ஆகவே நம் மாநிறத் தோலில் வெளிறிய தழும்பு தங்கிவிடக்கூடும். விரலின் பக்கவாட்டில் ஆழமாக உறையவைத்தால் நரம்பு பாதிக்கப்பட்டு உணர்வு மங்கலாம். இழையைத் தொட்டறியும் கைக்கு அது சிறிய இழப்பன்று.

குழந்தைகளின் மருக்கள் பல, ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மறைகின்றன. கோயில் குளத்தில் உப்பும் மிளகும் இட்டு வேண்டிக் காத்திருப்பதால் தீங்கில்லை; சுண்ணாம்பும் ஆசிடும் வைப்பதே தீங்கு. பலருக்குச் சாலிசிலிக் அமில மருந்தும் பொறுமையும் போதும்.

சர்க்கரை நோய் இருப்பின் முதலிலேயே கூறுங்கள். செய்யும் தொழிலையும் கூறுங்கள். அதைக் கேட்ட பின்னரே முடிவு செய்வோம்.