பிரேக் ஒழுகும் பழைய காடி



பட்டர்வொர்த் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். தோட்டத்தில் கிராணியாக இருந்த அப்பா விட்டுச் சென்ற மாரிஸ் மைனர் காடியை இவர் துடைத்து, சாயம் பூசி ஓட்டுகிறாராம். முன் சக்கரத்தின் உள்பக்கம் குழாய் சேரும் இடத்தில் ஈரம் கசிகிறது. "நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதுமல்லவா?" என்பது கேள்வி.

போதாது ஐயா. தயவுசெய்து இறுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

1979-ஆம் ஆண்டு. பினாங்குப் பாலம் திறந்தது 1985-இல்தான். அதற்கு முன் காடியோடு தீவுக்குப் போக வேண்டுமானால் பட்டர்வொர்த்தில் பெர்ரிக்காக வரிசை பிடிக்க வேண்டும். (2021 முதல் பெர்ரியில் கார் ஏற்றுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.) தீபாவளிக்குத் துணி எடுக்க மாமாவின் மாரிஸ் மைனரில் புறப்பட்டோம். பின்னால் அத்தை, மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் நாங்கள் மூன்று பேர். வரிசை நகர்ந்தது, முன்னால் போன லாரி நின்றது. மாமா பிரேக்கை மிதித்தார். கால் அப்படியே தரை வரைக்கும் போய்விட்டது. மறுபடி மிதித்தார், அதே கதைதான். கைப் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்த பிறகு, லாரிக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இடைவெளியில் காடி நின்றது. அத்தை அன்றைக்குத் துணி எடுக்கவே வரவில்லை.

பிறகு பார்த்தால், இடது முன் சக்கரத்தில் ரப்பர் குழாய் சேரும் இடம் நனைந்து கிடந்தது. இரண்டு வாரத்துக்கு முன் அதே இடத்தில் கசிவு கண்டு ஒரு பட்டறையில் காட்டியிருந்தார். அங்கே செய்த வைத்தியம் இதுதான்: இறுக்கிவிட்டார்கள்.

இந்தப் பிரேக் எப்படி வேலை செய்கிறது? தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் ஊசி போடும் குழலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குழல்களை ஒரு குழாயால் இணைத்து, உள்ளே நீர் நிரப்பி, ஒன்றை அமுக்கினால் மற்றொன்று வெளியே தள்ளும். காலால் அமுக்குவது மாஸ்டர் பம்பு. தள்ளப்படுவது டிரம்முக்குள் இருக்கும் சின்ன பம்புகள். அவைதான் பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்துகின்றன. மாரிஸ் மைனரின் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இப்படி இரண்டு பம்பு, பின் சக்கரத்தில் ஒவ்வொன்று. ஆறு பம்புக்கும் ஒரே நீர், ஒரே பாதை. ஒரு மூட்டில் ஒழுகினால் ஒரு சக்கரம்தானே போகும் என்று எண்ணிவிடாதீர்கள். நான்கும் போகும். பிற்காலக் காடிகளில் பாதையை இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். அமெரிக்காவில் 1968 முதல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். 1948-இல் வெளிவந்த மைனருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கைப் பிரேக் மட்டும் தனிக் கம்பியில் பின் சக்கரங்களைப் பிடிக்கும். எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

இன்னொரு சங்கடம், இந்தக் காடியின் மாஸ்டர் பம்பு ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கி, மூடியை எடுத்தால்தான் நீர் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். மாமா விரிப்பைத் தூக்கியதே இல்லை.

முதலில் ஒழுகுவது எது என்று பாருங்கள். பின் சக்கரமானால் அச்சு எண்ணெயாகவும் இருக்கலாம். ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, அந்த ஈரத்தில் ஒரு சொட்டை அதில் விடுங்கள். வழக்கமான பிரேக் நீர் தண்ணீரோடு கலந்துவிடும். அச்சு எண்ணெய் மேலே மிதக்கும். பிறகு டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் பம்பின் ரப்பர் போயிருக்கிறது. அது வேறு வேலை. உள்ளே காய்ந்து, பின்தகட்டுக்கு வெளியே மட்டும் ஈரம் என்றால் மூட்டில்தான் கோளாறு. டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவே ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, நெஞ்சுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து, பையில் கட்டிப் போடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

மூட்டு இரண்டு வகை. ரப்பர் குழாய் பம்பில் சேரும் இடத்தில் ஒரு செம்பு வாஷர் இருக்கும். மிருதுவான செம்பு நசுங்கி இடைவெளியை அடைப்பதால்தான் ஒழுகாமல் நிற்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக நசுங்காது. கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். மாமாவின் காடியில் பழைய வாஷரையே வைத்து இறுக்கியிருந்தார்கள். சில காசு பெறாத சாமான்!

மற்றது இரும்புக் குழாயின் மூட்டு. குழாயின் முனையைப் பூ விரிந்தது போல விரித்திருப்பார்கள். நட்டு அந்த விரிப்பைப் பிடித்து எதிர் முகத்தோடு அழுத்துகிறது. இங்கே நீரை நிறுத்துவது மரை அல்ல, விரிந்த முனைதான். அதனால் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை இதில் சுற்றிப் பயனில்லை. விரிப்பு சரியில்லாமல் ஒழுகும்போது மேலும் மேலும் இறுக்கினால், அந்த இடம் மெலிந்து வெடிக்கும். இன்றைக்குச் சொட்டுவது நாளைக்குப் பீறிட்டு அடிக்கும். கடல் காற்று அடிக்கும் நம் ஊரில் இரும்புக் குழாய் வெளியிலிருந்தே துரு ஏறிவிடும். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தால் அந்தக் குழாயையே மாற்றுங்கள்.

ரப்பர் குழாயைக் கழற்றும்போது சக்கரப் பக்கத்தில் தொடங்காதீர்கள். சட்டத்தில் இருக்கும் முனையில் இரும்புக் குழாயின் நட்டை முதலில் கழற்றி, அதன்பின் பிடிநட்டை எடுத்து, கடைசியாகப் பம்பிலிருந்து குழாயைத் திருகி எடுங்கள். மாட்டும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முறுக்கிய குழாய் உள்ளுக்குள்ளே கிழியும்.

புதிய நட்டு வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். மைனர் பிரிட்டிஷ் காடி. அதன் பிரேக் மரை அங்குலக் கணக்கு, 3/8 அங்குலம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது ஜப்பான் காடிகளுக்கான 10 மில்லிமீட்டர் மரை. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அங்குல நட்டு மில்லிமீட்டர் துளையில் தளர்வாக ஏறி, பிடித்தது போலப் பாசாங்கு செய்து, அழுத்தம் வந்ததும் பிய்த்துக்கொண்டு வரும். மாற்றிப் போட்டால் ஒரு சுற்றிலேயே சிக்கும். பழைய நட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சரியான நட்டு கையாலேயே பல சுற்று இலகுவாக ஏறும்.

அடுத்து ஒரு பெயர்த் தகராறு. நாம் 'பிரேக் எண்ணெய்' என்கிறோம். மலாயிலும் 'மிஞ்யாக் பிரேக்' என்றே சொல்கிறார்கள். எண்ணெய்தானே என்று எஞ்சின் எண்ணெயை ஊற்றியவர்கள் உண்டு. அதில் பம்பின் ரப்பர் ஊறிப் பெருத்து, பிரேக் முழுவதும் பாழாகும். டின்னில் டாட் 3 அல்லது டாட் 4 என்று இருப்பதை வாங்குங்கள். இது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். திறந்து மாதக்கணக்கில் வைத்த டின் வேண்டாம். சாயத்தின் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பிரேக் ஷூவில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிராமல், அந்த அச்சின் இரண்டு பக்கமும் புதிய ஷூ போடுங்கள்.

மூட்டைப் பிரித்ததால் குழாயில் காற்று புகுந்திருக்கும். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. காற்று இருந்தால் மிதி பஞ்சு போல இருக்கும். ஷூக்களைச் சரியாக நெருக்கி வைத்துவிட்டு, மாஸ்டர் பம்புக்குத் தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்குங்கள். காற்று விடும் முனையில் ஒரு குழாயை மாட்டி, மறு முனையைக் கொஞ்சம் பிரேக் நீர் உள்ள கண்ணாடிப் போத்தலில் அமிழ்த்துங்கள். வீட்டம்மாவோ மகனோ உள்ளே உட்காரட்டும். "மிதி" என்றால் மிதிக்க வேண்டும். நீங்கள் முனையைத் திறந்து மூடிய பிறகு "விடு" என்றால்தான் காலை எடுக்க வேண்டும். குமிழி நிற்கும் வரை இப்படியே. இடையிடையே விரிப்புக்கடியில் நீர் குறைகிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். போத்தலில் வந்ததைத் திரும்ப ஊற்ற வேண்டாம்.

இதெல்லாம் நம்மால் ஆகாது என்று தோன்றினால் கூச்சப்படாமல் நல்ல போர்மேனைக் கூப்பிடுங்கள். ஆனால் அவரிடம் காடியை ஓட்டிப் போகவும் கூடாது, கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

வேலை முடிந்ததும் மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கால் கீழே இறங்கக் கூடாது. பிறகு நான்கு சக்கரத்துக்கும் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, இரவு முழுவதும் காடியை விட்டுவிடுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால், கைப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஆளில்லாத சமமான திடலில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களை அன்றைக்கு ஏற்ற வேண்டாம்.