கணவரையும் முதலிலேயே சோதியுங்கள்

குழந்தையின்மை என்றதும் மனைவியை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஏறக்குறைய பாதித் தம்பதியரிடம் ஆண் தரப்புக் காரணமும் உண்டு. விதைப்பைச் சிரைகள் புடைக்கும் வெரிகோசீல், குழந்தைப்பேறின்றி சிகிச்சைக்கு வரும் ஆண்களில் 100க்கு 35 முதல் 40 பேரிடம் காணப்படுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின், 40 வயதைக் கடந்தவர்களுக்கும் விந்தணுக்களின் எண்ணிக்கையும் இயக்கமும் மேம்படக்கூடும்.

ஆனால், புதிய விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும். பலன் தெரிய 3 முதல் 6 மாதம் காத்திருக்க வேண்டும். மனைவி 35 வயதைத் தாண்டியவர் என்றால், அந்தக் காத்திருப்பே கருத்தரிக்கும் வாய்ப்பைக் குறைத்துவிடும். கௌரவம் கருதி ஆண் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் பெண்ணின் கணக்கில்தான் கழிகிறது.

விந்துப் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. முதல் ஆலோசனையிலேயே இருவரையும் சோதிப்பதை அரசு மருத்துவமனைகளும் தனியார் மையங்களும் கட்டாய நடைமுறையாக்க வேண்டும்.