கானகத்தின் வாயிலில் கொங்கிரீற்று மரங்கள்

இயற்கையைப் பேணுதல் என்பது இன்று எவரும் மறுத்துரைக்காத ஒரு மந்திரமாகிவிட்டது. அரசும், சுற்றுலா முதலாளியும், உதவி வழங்கும் வெளிநாட்டு நிறுவனமும் ஒரே குரலில் அதனை உச்சரிக்கின்றனர். எல்லோருக்கும் இனிக்கும் ஒரு சொல்லின் பின்னால் எவருடைய நலன் மறைந்திருக்கின்றது என வினவுவது பல்கலைக்கழக மாணவரின் கடமையாகும். அவ்வினாவை இங்கு ஒரு சிறிய பொருளை முன்வைத்து எழுப்ப விரும்புகின்றோம். சரணாலயங்களினதும் தேசியப் பூங்காக்களினதும் வாயிலில் எழும் பார்வையாளர் நிலையமே அப்பொருளாகும்.

இத்தகைய நிலையங்கள் பலவற்றில் ஒரு விந்தையான அலங்காரத்தைக் காணலாம். மரக்குற்றி போல வார்த்து, பட்டையின் வரிகளைக் கீறி, கபில நிறம் பூசிய கொங்கிரீற்றுத் தூண்களே அவை. மரத்தைக் காக்கவென வந்த கட்டடம் மரவேடம் பூண்டு நிற்கின்றது. உலகின் காபனீரொட்சைட்டு வெளியீட்டில் ஏறக்குறைய 8 வீதம் சீமெந்து உற்பத்தியினால் விளைவது என்பதை நினைவிற் கொண்டால் இவ்வேடத்தின் பொய்மை தெளிவாகும். புதுப்பாணிக் கட்டடங்களின் நிலையும் இதனினும் மேலானதன்று. கண்ணாடிச் சுவரினால் வெயிலை உள்ளே அழைத்து, குளிரூட்டியினால் அதன் வெம்மையை விரட்டி, அக்குளிரூட்டிக்கு மின்சாரம் வழங்கக் கூரைமேற் சூரிய மின்கலங்களைப் பரப்பி, ஈற்றில் அதனைப் ‘பசுமைக் கட்டடம்’ என்று பெயரிட்டழைக்கின்றனர். அக்கண்ணாடியை வெளியென மயங்கி மோதி மடியும் பறவைகள் இக்கணக்கிற் சேர்வதில்லை.

தமிழ் பயில்வோருக்கு இவ்விடயத்தை நோக்குதற்கு ஓர் அளவுகோல் முன்னரே உண்டு. தொல்காப்பியம் நிலத்தை வெறும் காட்சியாகக் கொள்ளவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய தெய்வமும் உணவும் விலங்கும் மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள். விலங்கும் மரமும் நிற்கும் அதே வரிசையில் மனிதனின் தொழிலும் நிற்கின்றது. பழம்பெருமை பேசுதற்காக இதனைக் கூறவில்லை. மக்களை அகற்றியபின் எஞ்சுவதே இயற்கை என்னும் கோட்பாடு என்றுமுள்ள உண்மையன்று, அது ஒரு குறித்த வரலாற்றின் விளைபொருள் என்பதைச் சுட்டவே கூறுகின்றோம். காடுகளைத் தமது வேட்டைக்கென ஒதுக்கிக்கொண்ட காலனித்துவ ஆட்சியாளரிடமிருந்தே அக்கோட்பாட்டில் ஒரு பகுதியை நாம் பெற்றோம். ஹோட்டன் சமவெளியின் ‘ஃபார் இன்’ அவ்வேட்டைக்காரர் தங்கிய விடுதியே. இன்று அது பார்வையாளர் நிலையமாகப் பயன்படுகின்றது. புதிய அத்திவாரம் தோண்டாது பழைய கட்டடத்தைப் பயன்கொண்டமை பாராட்டத்தக்கது. ஆயின் கட்டடத்தை மட்டுமன்றி, வேட்டைக்காரரின் நோக்கையும் நாம் சுவீகரித்துக்கொண்டோமா என்பதே வினா.

1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அக்காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் சேனை செய்தும் வாழ்ந்த வேடர் குடும்பங்கள் ஹெனானிகல முதலிய மகாவலிக் குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. அவர்தம் தலைவரான ஊருவரிகே திசாஹாமி தம்பானையை விட்டகல மறுத்து, 1998இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். மண்ணாலும் புல்லாலும் மரப்பட்டையாலுமான குடிசை, கைவிடப்பட்டால் சில மாரிகளில் மண்ணோடு மண்ணாகிவிடும். அத்தகைய குடிசையைக் கட்டத் தெரிந்தவன் காட்டுக்கு ஊறு செய்பவனென வெளியேற்றப்பட, நூறாண்டு சென்றாலும் மக்காத கட்டடத்தை எழுப்புவோன் காட்டின் காவலனாகின்றான். இதனினும் பெரிய முரண்பாடு வேறெது?

வேறு வழி உண்டா எனக் கேட்போருக்குத் தென்னாபிரிக்காவின் மாபுங்குப்வே தேசியப் பூங்காவைச் சுட்டலாம். பீற்றர் றிச் வடிவமைத்த அதன் விளக்க நிலையம், 2009இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அவ்வாண்டின் சிறந்த கட்டடமெனத் தெரிவாயிற்று. அதன் வளைகூரைகளுக்கு வேண்டிய ஏறக்குறைய 200,000 ஓடுகள், உள்ளூர் மண்ணுடன் சிறிதளவு சீமெந்து கலந்து அழுத்திச் செய்யப்பட்டவை. அவற்றைச் செய்தவர்கள் அயற்கிராமங்களில் வேலையற்றிருந்து, அப்பணிக்கெனப் பயிற்றப்பட்ட மக்கள். வளைவின் வடிவமே பாரத்தைத் தாங்குவதால் உருக்குக் கம்பியின் தேவை பெரிதும் குறைந்தது. இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மெல்லோடுகளை அடுக்கி வளைவு கட்டும் அம்முறை ஆபிரிக்காவுக்குரியதன்று. மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து, சிறப்பாக ஸ்பெயினிலிருந்து சென்றது. எனவே எமது வாதம் ‘சுதேசி’ வாதமன்று. நுட்பம் எங்கிருந்தும் வரலாம். மண் அவ்விடத்து மண்ணாகவும், கை அவ்விடத்து மக்களின் கையாகவும் இருத்தல் வேண்டும்.

இவ்விவாதம் எமக்குத் தொலைவிலுள்ளதன்று. 2015இல் சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. அங்கு எழக்கூடிய நிலையங்கள் எவ்வாறு அமைதல் வேண்டும்? நெடுந்தீவில் முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகளையும், யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டையும், பனஞ்சலாகையையும் பனையோலையையும் காட்டி, இவற்றை அப்படியே பிரதி செய்க எனக் கூறிவிடுதல் எளிது. அது தவறாகும். இன்று முருகைக்கல்லை உடைத்தெடுப்பது கடலின் உயிர்த்தொகுதியை உடைப்பதாகும். போரிற் பெருந்தொகையான பனைகள் அழிந்த மண்ணில் மேலும் பனை தறிப்பதை நியாயப்படுத்துவதும் அரிது. பழைய பொருளைவிடப் பழைய அறிவே எமக்கு வேண்டியது. நடுமுற்றத்தினூடாகக் காற்று ஓடும் வகை, சுவரை வெயில் தீண்டாது காக்கும் தாழ்வாரம், மழைநீரைத் தேக்கும் வழி, உப்புக்காற்றை எதிர்கொள்ளும் சுண்ணாம்புச் சாந்து ஆகியனவே அவ்வறிவு.

ஓலையும் மண்ணும் நிலைக்கா, கொங்கிரீற்றே நிலைக்கும் என்பது எதிர்த்தரப்பாரின் தலையாய வாதம். கடலேரிக் கரையில் அவ்வாதம் உப்பிலே கரைந்துவிடுகின்றது. உப்புக்காற்றினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்க, கொங்கிரீற்று வெடித்துப் பெயர்வதைக் கரையோரக் கட்டடங்கள் பலவற்றிற் காணலாம். ஓலைக்கூரையும் பழுதுபடுவதே; ஆயின் அதனை வேயும் அறிவும் பொருளும் ஊரில் உண்டு; வேயுந்தோறும் ஊரவர்க்குக் கூலியும் உண்டு. வெடித்த கொங்கிரீற்றைச் சீராக்கவோ நகரத்து ஒப்பந்தகாரர் வரவேண்டும், ஒதுக்கீட்டுப் பணம் வரவேண்டும். வரும்வரை கட்டடம் பூட்டிக் கிடக்கும். நிலைபேறு என்பது பழுதுறாமை அன்று. பழுதுற்றதை அவ்விடத்தாரே திருத்தவல்ல தன்மையாகும்.

பார்வையாளருக்கு வசதி வேண்டும் என்பது அவர்களது மற்றொரு வாதம். எந்தப் பார்வையாளருக்கு? காட்டைக் காணவந்தவர் ஒரு மணிநேரம் நிழலிலும் காற்றிலும் அமர இயலாதவராயின், அவருக்கு வேண்டுவது காடன்று, காட்டின் படமே. பாடசாலைப் பிள்ளைகளும் அயலூர் உழைப்பாளரும் செலவின்றி நுழைந்து, தம் மொழியில் விளக்கம் பெற்று, இது எமது நிலம் என உணரும் இடமாக அது அமையுமாயின் அதுவே உண்மையான வசதி.

கண்டியிற் பணியாற்றிய கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா, 1950களில் வட்டப்புளுவ வீட்டுத்திட்டத்தை அமைத்தபோது, குடிபுக இருந்தவர்களின் தேவைகளைக் கேட்டறிந்தே வீடுகளை வரைந்தார். குடும்பங்களிடம் கேட்பது அன்று இயன்றதெனில், சுண்டிக்குளத்து மீனவரிடமும் நெடுந்தீவு மக்களிடமும் கேட்பது இன்று இயலாததாவது எங்ஙனம்? வரைபடம் தலைநகரில் முடிந்தபின் கூட்டப்படும் ‘மக்கள் சந்திப்பு’ கேட்டறிதல் ஆகாது. அது அறிவித்தல் மட்டுமே.

எனவே சரணாலயத்தின் வாயிலில் எழும் எந்தக் கட்டடத்தையும் அதன் கூரையிலுள்ள மின்கலங்களின் எண்ணிக்கையாலோ தூணிற் கீறப்பட்ட மரப்பட்டையாலோ மதிப்பிடுதல் கூடாது. அது கட்டப்படத்தான் வேண்டுமா, அதன் பொருள் எங்கிருந்து வந்தது, அதனைக் கட்டியவர் யார், பழுதுறும் நாளில் திருத்தப்போவது யார், அதன் சுவர்களிற் காட்டப்படும் காட்டில் அக்காட்டு மக்களுக்கு இடம் உண்டா என்பனவே கேட்கப்படவேண்டிய வினாக்கள். இவற்றுக்கு விடை கூறவியலாத கட்டடம், எத்துணைப் பச்சை பூசப்படினும், அந்நிலத்தின் மீது எழுப்பப்பட்ட மற்றுமோர் ஆக்கிரமிப்பே.