முதலில் ஏராவைப் பாருங்கள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சிறிய பாய்மரப் படகு வாங்க நினைப்பவர்கள், எத்தனை பேர் படுக்கலாம், அடுப்பு எங்கே, உள்ளே நிமிர்ந்து நிற்க முடியுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எசெக்ஸில் என் வீட்டுக்கு வந்த நண்பரும் நாலைந்து விளம்பரங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதையேதான் கேட்டார். "படகை எங்கே கட்டப்போறீங்க?" என்றேன். மால்டனுக்குக் கீழே ஓர் ஓடையில் இடம் கிடைத்திருக்கிறதாம். கையில் இருந்த விளம்பரங்களில் பாதி அங்கேயே கழிந்துவிட்டது.

அந்த ஓடை பிளாக்வாட்டர் கழிமுகத்தில் சேர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே கடல் ஏறி வற்றும்போது நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் மாறும். சென்னைக் கரையில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அங்கிருந்து வந்தவருக்கு, காலையில் மிதந்த படகு மதியம் சேற்றில் நிற்கும் என்பது நேரில் பார்த்தால்தான் உறைக்கும்.

படகின் அடியில் இருக்கும் ஏராவுக்கு இரண்டு வேலை. காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தன் எடையால், சாய்ந்த படகை நிமிர்த்தவும் வேண்டும். இரண்டையும் மிக நன்றாகச் செய்வது ஆழமான ஒற்றை ஏராதான். டேவிட் சாட்லர் வடிவமைத்த கான்டெசா 32 அந்த வகை. 1979-ல் பாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியைப் புயல் சிதறடித்தபோது, மிகச் சிறிய படகுகளின் பிரிவில் கரை சேர்ந்து போட்டியை முடித்தது 'அசென்ட்' என்ற கான்டெசா ஒன்றுதான். அருமையான படகு. ஆனால் அதற்கு ஐந்தரை அடி ஆழம் வேண்டும். வற்றும் ஓடையில் கட்டினால் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும்.

நண்பரின் இடத்துக்குப் பொருத்தம் இரட்டை ஏரா. இந்த வகையில் பேர்போனது வெஸ்டர்லி சென்டார். 26 அடி நீளம், மூன்றடி ஆழம். 1969-ல் வந்தது, இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். நீர் வடிய வடிய இரண்டு ஏராக்களும் சேற்றில் மெல்லப் புதையும். படகு நிமிர்ந்தே நிற்கும். உள்ளே தேநீர் போட்டுக் குடிக்கலாம். மென்சேற்றில் இது சுகம். இறுகிய மணலில், அதுவும் அலை இருந்தால், மிதப்புக்கும் தரைக்கும் நடுவே சிறிது நேரம் படகு தொப்பு தொப்பென்று மோதும், பற்கள் அதிரும். ஓர் ஏரா பள்ளத்தில் இறங்கிவிட்டால் அடுத்த ஏற்றம் வரை சாய்ந்த தரையில்தான் படுக்கை. எதிர்காற்றில் ஒற்றை ஏராப் படகு போகிற அளவுக்கு நெருக்கிப் போகாது. இரண்டு ஏராக்களுக்கும் நடுவே பாசித்தடுப்புப் பெயின்ட் அடிப்பது முதுகை ஒடிக்கும் வேலை. இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்: வற்றும் ஓடையில் கட்டுபவருக்கு இதைவிட நல்ல படகு இல்லை. ஓடையில் கட்டும் கட்டணமும் மரினா என்ற படகுத்துறையை விடக் குறைவு.

நீள ஏராவின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69-ல் 312 நாட்களில் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி வந்த 'சுஹாய்லி', பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. அந்தப் பயணத்தின் நினைவாக நடக்கும் கோல்டன் குளோப் போட்டியில் இன்றும் நீள ஏராப் படகுகளுக்குத்தான் அனுமதி. நம் அபிலாஷ் டோமி 2023-ல் இரண்டாவதாக வந்ததும் அத்தகைய படகில்தான். சுக்கானை விட்டாலும் நீள ஏராப் படகு திசை மாறாமல் போகும். நெரிசலான மரினாவில் எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டால் மட்டும் அது சொன்ன பேச்சைக் கேட்காது. மேலே தூக்கும் ஏராவும் உண்டு. அதன் பெட்டி அறையின் நடுவே இடத்தை அடைத்துக்கொள்ளும், கல் சிக்கினால் இறங்காது.

வகையைத் தேர்ந்த பிறகு, ஏரா உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். 2014-ல் ஆன்டிகுவாவிலிருந்து சவுதாம்ப்டனுக்குத் திரும்பிய 'சீக்கி ரஃபிகி' என்ற பாய்மரப் படகு நடு அட்லாண்டிக்கில் ஏரா கழன்று கவிழ்ந்தது. நால்வர் இறந்தார்கள். முன்பு பலமுறை தரைதட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்பும் ஏராவின் பிடிப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை. சென்டாரிலும் பழைய படகுகளில் ஏராவைச் சுற்றிய அடித்தளம் நெகிழ்வது தெரிந்த குறைதான்.

ஆகவே படகைக் கரையில் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். சேரும் விளிம்பில் துரு வழிந்த கோடு இருக்கிறதா பாருங்கள். உள்ளே தளப்பலகையைத் தூக்கி, போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு ஓடுகிறதா என்று டார்ச் அடியுங்கள். ஏராவின் பின்முனைக்கு மேலே நிதானமாகத் தேடுங்கள். முன்னே போகும்போது தரைதட்டினால் அந்த முனைதான் உடலுக்குள் மேல்நோக்கி இடிக்கும். பாரந்தூக்கியின் வாரில் படகு தொங்கும்போது ஏராவுக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி திறக்கிறதா என்பதையும் பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

விற்பவர் "போன வருஷம்தான் பார்த்தோம்" என்பார். அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். புதுப் பாய்களையும் மெத்தைகளையும் அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம். உங்கள் சொந்தச் செலவில், உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் ஒரு சர்வேயரை இந்த ஆண்டே அழைத்துப் போங்கள்.